எச்பி ஏற மாட்டேங்குதுங்க சிஸ்டர்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதாசியில பாதிக்கு மேல ரத்தம் கம்மிங்கறதைப் பத்தித்தான், அதாவது ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின்ங்கற எச்பி கொறையறதைப் பத்தித்தான் இருந்துச்சு, அதனால மத்ததை எல்லாம் அடுத்த மாசத்துக்கு எடுத்து வெச்சுட்டு இந்த தடவை இது ஒன்னையே பேசிடலாம்னு இருக்கேங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல நம்ம நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரைக்கும் இருக்கற பொம்பளைங்கள்ல 100க்கு 57 பேருக்கு ரத்தம் கம்மி. வார்டுல 30 வருசம் நின்னவ நான், மருந்து கெடைக்காம ரத்தம் ஏறாதவங்களை விட, மருந்தைக் கையில வெச்சுக்கிட்டே ஏறாதவங்களைத்தான் ஜாஸ்தி பாத்திருக்கேன்.

கேள்வி: அக்கா, நான் அவிநாசி பக்கம் பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன், இப்ப ஆறாம் மாசம். போன மாசம் எச்பி 8.6, செகப்பு மாத்திரை தெனம் ரெண்டு போடச் சொன்னாங்க. போட்டா கொமட்டிக்கிட்டு வருது, வெளிக்கி கரி மாதிரி போகுது, எங்க அத்தை கொழந்தை கறுப்பா பொறக்கும் நிறுத்திருன்னு சொல்றாங்க. இந்த மாசம் பாத்தா 8.8 தான். மாத்திரை என் ஒடம்புக்கு சேரலைங்களா?

பதில்: அம்மணி, மொதல்ல அத்தைகிட்ட சொல்லுங்க, கொழந்தையோட நெறம் அப்பன் ஆத்தா வழியா வர்றது, இந்த மாத்திரைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. வெளிக்கி கறுப்பா போறது ஒடம்புல சேராம மிச்சமான இரும்பு வெளிய போறதுதான், பயப்பட வேண்டியதில்லை. தார் மாதிரி பிசுபிசுன்னு கெட்ட நாத்தத்தோட போனா மட்டும் உடனே டாக்டரைப் பாருங்க, அது வயித்துக்குள்ள ரத்தக் கசிவா இருக்கலாம்.

மாத்திரை சேரலையான்னு கேட்டிருக்கீங்க, நான் திருப்பி ஒன்னு கேக்கறேன், அதை எதோட போடறீங்க? முன்ன ஒரு புள்ளை உங்களை மாதிரியே பனியன் கம்பெனிக்குப் போறவ, மூணு மாசமா விடாம போட்டும் எச்பி நகரவே இல்லைன்னு வந்துச்சு. எப்படி போடறேன்னு செஞ்சு காட்டு கண்ணுன்னு சொன்னேன். பையில இருந்து இரும்புச் சத்து இருக்கற செகப்பு மாத்திரை ரெண்டு, சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) மாத்திரை ஒன்னு, மூணையும் ஒன்னா உள்ளங்கையில கொட்டி வாயில போட்டுட்டு பிளாஸ்க்கைத் தொறந்து டீயை ஊத்தி மடக்குன்னு முழுங்குச்சு. டீயில இருக்கற துவர்ப்பு இரும்பைப் புடிச்சுக்கும், சுண்ணாம்புச் சத்து இரும்பை உள்ள விடாது, அப்பறம் எங்கிருந்து ஏறும்? அந்தப் புள்ளை மேல தப்பு சொல்ல மாட்டேன், மாத்திரையை எண்ணிக் குடுத்த நாங்க யாருமே ஒரு நிமிசம் ஒக்காந்து அதை சொல்லலை.

நீங்க இப்படி பண்ணுங்க. காலையில டிபனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒன்னு, ராத்திரி சாப்பிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு படுக்கப் போறப்ப ஒன்னு, அரை எலுமிச்சம்பழம் புழிஞ்ச தண்ணியோட. நெல்லிக்காயோ கொய்யாவோ கெடைச்சா அதுவும் நல்லது, புளிப்புல இருக்கற வைட்டமின் சி இரும்பை நல்லா உள்ள இழுக்கும். டீ காப்பி பால் எல்லாம் ரெண்டு மணி நேரம் தள்ளி வெச்சுக்குங்க, கம்பெனியில 11 மணிக்கு டீ வர்றப்ப காலை மாத்திரை உள்ள போயி நேரமாயிருக்கும், தொந்தரவில்லை. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை மத்தியான சாப்பாட்டோட ஒன்னு, சாயங்காலம் வேலை விட்டு வந்து ஒன்னுன்னு மாத்திக்குங்க. தைராய்டு மாத்திரை போடறவங்களா இருந்தா அதுக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் எடைவெளி வேணும். வெறும் வயித்துல கொமட்டறது தாங்கலைன்னா கொஞ்சம் சாப்பாட்டோட போடுங்க, சேர்றது கொறையும், ஆனா போடாம விடறதுக்கு அது எவ்வளவோ மேல். மலச்சிக்கலுக்கு தண்ணி, கீரை, கொள்ளு, நடை.

அந்த செகப்பு மாத்திரை ஒன்னுல 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்குது. ரத்தம் கம்மி இல்லாத கர்ப்பிணிக்கே தெனம் ஒன்னு வீதம் 180 நாள், பிரசவத்துக்கு அப்பறம் இன்னொரு 180 நாள் உண்டுங்க. உங்களுக்கு எச்பி 11க்கு கீழ இருக்கறதால ரெண்டு. சரியா சேந்துச்சுன்னா ஒரு மாசத்துல 1 கிராமாவது ஏறணும், ஏறலைன்னா கிராம சுகாதார நர்சு வி.எச்.என் அம்மாகிட்ட சொல்லி அடுத்தது என்னன்னு பாக்க சொல்லுங்க, சும்மா அதே அட்டையை வாங்கிட்டு வராதீங்க. பூச்சி மாத்திரை போட்டாச்சான்னும் கேளுங்க, வெறுங்காலோட மஞ்சக்காட்டுலயும் வயக்காட்டுலயும் நடந்து வளந்தவங்க நாம, கொக்கிப்புழு குடல்ல ஒக்காந்து ரத்தத்தை உறிஞ்சிட்டே இருந்தா மேல எத்தனை ஊத்துனாலும் ஓட்டைக் கொடம்தான். இன்னொன்னு, எச்பி 11 வந்ததும் நிறுத்திராதீங்க, ரத்தத்துல ஏறுனதுக்கு அப்பறம்தான் ஒடம்பு சேமிப்புக்கு இரும்பை எடுத்து வெக்கும், அதுக்கு இன்னும் மூணு மாசமாவது ஆகும்.

கேள்வி: சிஸ்டர், நான் ஜிஎன்எம் நர்சிங் படிப்பு முடிச்சு கோபி பக்கம் ஒரு நர்சிங் ஹோம்ல சேந்து நாலு மாசம் ஆச்சு. இரும்பு ஊசி போடறப்ப கை நடுங்குது. இடுப்புல போடறதா, டிரிப்ஸ்ல போடறதா, எவ்வளவு போடறதுன்னு எப்படி கணக்கு? ஒத்துக்குதான்னு பாக்க மொதல்ல கொஞ்சமா டெஸ்ட் டோஸ் குடுத்தா போதுமா?

பதில்: கை நடுங்கறது நல்லதுதான் தங்கம், இந்த ஊசிக்கு பயம் இருக்கணும்.

நாங்க படிச்ச காலத்துல இடுப்புலதான், தோலை ஒரு பக்கமா இழுத்துப் புடிச்சு ஆழமா குத்தி, மெதுவா மருந்தை ஏத்தி, பத்து செகண்டு நின்னு, ஊசியை உருவுன பின்னாடிதான் தோலை விடுவோம், அப்பத்தான் மருந்து வந்த வழியாவே திரும்பி வராது. தேய்க்கவே கூடாது. அதை அவசரத்துல தப்பா போட்டா என்னாகும்னு நான் பாத்திருக்கேன், ஒரு அம்மாவுக்கு தலைச்சன் பிரசவத்துல போட்ட ஊசி, ரெண்டாவதுக்கு வந்தப்பவும் இடுப்புல உள்ளங்கை அகலத்துக்கு துருப்புடிச்ச நெறத்துல கறை அப்படியே இருந்துச்சு. இப்ப அந்த வழி பெரும்பாலும் போயிருச்சு, டிரிப்ஸ்தான்.

கணக்கு இதுதான். எடையை, ஏற வேண்டிய எச்பியால பெருக்கி, அதை 2.4ஆல பெருக்கி, சேமிப்புக்கு 500 கூட்டணும். 50 கிலோ அம்மா, எச்பி 7, 11க்கு கொண்டு போகணும்னா 50, 4, 2.4 மூணையும் பெருக்குனா 480, கூட 500, மொத்தம் 980 மில்லிகிராம். டிரிப்ஸ்ல போடற இரும்பு மருந்துல ரெண்டு வகை, அயர்ன் சுக்ரோஸ்னா 200 மில்லிகிராமா 100 மில்லி நார்மல் சலைன்ல, கால் மணியில இருந்து அரை மணி வரைக்கும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அஞ்சு தடவை. கார்பாக்சிமால்டோஸ்னா 1000 வரைக்கும் ஒரே நாள்ல 15 நிமிசத்துல போயிரும், தூரத்து ஊர்க்காரங்களுக்கு அது பெரிய ஒத்தாசை. எவ்வளவுன்னு எழுதறது டாக்டர்தான், ஆனா நீயும் கணக்கு போட்டுப் பாத்துக்க, தப்பு இருந்தா கண்ணுல படும். டெக்ஸ்ட்ரோஸ்ல கலக்காத, வேற எந்த மருந்தையும் அதே பாட்டில்ல சேக்காத. மொதல் மூணு மாச கர்ப்பத்துல கூடாது, காய்ச்சல் கிருமி இருக்கறப்பவும் கூடாது, இரும்பு மாத்திரையை ஊசி ஓடற நாள்ல நிறுத்திரணும்.

டெஸ்ட் டோஸை நம்பாத. அது ஒத்துக்கிச்சுன்னு நெனச்சு நம்ம பாட்டுக்கு அடுத்த கட்டிலுக்குப் போயிர்றோம், அப்பறமாத்தான் சிலருக்கு மூச்சு அடைக்கும். மருந்து ஒத்துக்காம போனா அவசரத்துக்குப் போடற அட்ரினலின் ஊசி தட்டுல தயாரா இருக்கணும், போடறதுக்கு முன்னாடி பிபி, போடறப்ப பிபி, முடிஞ்சு அரை மணி நேரம் வரைக்கும் அந்த அம்மா உன் கண் முன்னாலயே இருக்கணும். நரம்புல சொருகுன கேனுலா குழாயில இருந்து மருந்து வெளிய ஊத்துதான்னு பாத்துட்டே இரு, கையில அந்த கறை விழுந்தா போறது கஷ்டம்.

கேள்வி: எனக்கு 62 வயசுங்க, காங்கேயம் பக்கம் தோட்டம். சக்கரைக்கு 12 வருசமா மெட்ஃபார்மின். சுத்த சைவம். ரத்தம் 8 இருக்குன்னாங்க, மெடிக்கல்ல ரத்தம் ஊற்ற மாத்திரைன்னு ஃபோலிக் ஆசிட் வாங்கிப் போட்டேன், 10.5 வந்திருச்சு. ஆனா காலு மரமரன்னு ஆகி, தோட்டத்துல செருப்பு கழண்டு விழுந்ததே தெரியாம நடந்து போறேன். ரத்தம் ஏறுனப்பறமும் ஏனுங்க இப்படி?

பதில்: அய்யா, இதை படிச்ச ஒடனே ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க, சொந்தமா போடற அந்த மாத்திரையை டாக்டர்கிட்ட காட்டுங்க.

உங்களுக்கு கொறஞ்சது பி12 வைட்டமினாத்தான் இருக்கணும்னு எனக்குப் படுது. பி12 கொறஞ்சாலும் ஃபோலிக் கொறஞ்சாலும் ரத்தம் ஒரே மாதிரிதான் கொறையும், செகப்பணுக்கள் பெருசு பெருசா ஆயிரும். ஃபோலிக்கை மட்டும் குடுத்தா ரத்தத்தைக் கொஞ்சம் சரி பண்ணிரும், பேப்பர்ல எண்ணிக்கை நல்லா வந்துரும், ஆனா நரம்புக்கு வேணும்ங்கற பி12 வராம நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுட்டே போகும். இதுதான் உங்க காலு. செடிகொடியில பி12 கெடையாதுங்க, பால் தயிர்ல கொஞ்சம் உண்டு, கறி மீன் முட்டையில உண்டு. வயித்துல சுரக்கற ஒரு பொருளோட சேந்தாத்தான் சின்னக் குடலோட கடைசியில உறிஞ்சும், மெட்ஃபார்மின் அந்த உறிஞ்சறதைக் கொறைச்சிரும், ரொம்ப நாள் அசிடிட்டி மாத்திரை போட்டாலும் கொறையும். மெட்ஃபார்மினை நீங்களா நிறுத்தாதீங்க, அது வேற வம்பு. ஊசி போடறதுக்கு முன்னாடி பி12 ரத்தப் பரிசோதனைக்குக் குடுத்துருங்க, போட்டப்பறம் பாத்தா எண்ணிக்கை தப்பா காட்டும். ஊசி 1000 மைக்ரோகிராம், மொதல்ல அடிக்கடி, அப்பறம் வாரம், அப்பறம் மாசம்னு டாக்டர் சொல்ற மாதிரி போகும். ரத்தம் சில வாரத்துல தேறிரும், நரம்பு மாசக்கணக்குல ஆகும், ரொம்ப நாள் விட்டிருந்தா முழுசா வராமயும் போகலாம், அதனாலதான் அவசரப்படுத்தறேன்.

ஃபோலிக் அமிலத்தோட கதை நம்ம மில்லு ஊர்க்காரங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்னு எனக்கு ஆசை. லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டரம்மா, 1928ல பம்பாய்க்கு வந்து, துணி மில்லுல வேலை பாத்த கர்ப்பிணிங்களுக்கு ஏன் இப்படி ரத்தம் வத்துதுன்னு அவங்க சாப்பாட்டை எல்லாம் விசாரிச்சு, கடைசியில ஈஸ்ட்ல செஞ்ச மார்மைட்டைக் குடுத்தா தேறுதுன்னு கண்டுபுடிச்சு 1931ல எழுதுனாங்க. அதுக்குள்ள இருந்ததுதான் பின்னாடி ஃபோலிக் அமிலம்னு பேரு வாங்குச்சு. பஞ்சுக்கும் நூலுக்கும் நடுவுல நின்ன ஏழைப் பொம்பளைங்க ஒடம்புல இருந்து வந்த அறிவு அது, இன்னைக்கு ஒலகம் பூரா கர்ப்பிணிங்க போடறாங்க.

கேள்வி: பொள்ளாச்சியில இருந்து எழுதறேன். அப்பாவுக்கு டயாலிசிஸ், வாரம் ரெண்டு தடவை ரத்தம் ஊற ஊசி போடறோம். கோயமுத்தூர்ல வாங்கி பஸ்ல கொண்டு வர்றேன். எச்பி 11.4 ஆயிருச்சு, டாக்டர் ஊசியைக் கொறைச்சுட்டார். 14 வரைக்கும் ஏத்துனா அப்பா தெம்பா இருப்பார்ல?

பதில்: வேண்டாம் தம்பி, டாக்டர் பண்ணுனது சரி. எலும்புக்குள்ள ரத்தம் ஊறணும்னு சொல்லி அனுப்பற எரித்ரோபாய்ட்டின் சிறுநீரகத்துல சுரக்கறது, சிறுநீரகம் கெட்டுப் போனதால அதை ஊசியா குடுக்கறோம். ரொம்ப ஏத்துனா ரத்தம் தடிச்சுப் போகும், பிபி ஏறும், ரத்தம் உறைஞ்சு கொழாயை அடைக்கும். 2006ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில, இன்னும் டயாலிசிஸ் வரைக்கும் போகாத சிறுநீரக நோயாளிங்கள்ல, 13.5க்கு ஏத்தப் பாத்தவங்களுக்கு 11.3ல வெச்சவங்களை விட சாவும் இதயக் கோளாறும் ஜாஸ்தியா இருந்துச்சு. வீட்டுல பிபி பாத்து நோட்டுல எழுதி வெய்ங்க, தலைவலி, கண்ணு மங்கல் வந்தா அடுத்த ஊசிக்கு முன்னாடியே சொல்லுங்க. இரும்புச் சத்து பாத்தாங்களான்னும் கேளுங்க, மேஸ்திரி வந்து நின்னாலும் செங்கல் இல்லாம செவுரு எழும்பாது.

பஸ் விசயம் முக்கியம். 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ஐஸ் பெட்டியில வெய்ங்க, ஆனா ஐஸ் மேலயே மருந்து பட்டு உறைஞ்சிரக் கூடாது, உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். குலுக்கவே கூடாது, அது புரோட்டீன், குலுக்குனா கெட்டுரும். ஜன்னலோர வெயில்ல மடியில வெச்சுட்டு வராதீங்க.

கேள்வி: அம்மாவுக்கு கீமோ குடுத்த மறுநாளுக்கு மறுநாள் வெள்ளையணு ஏற ஊசி போட்டாங்க, ராத்திரி பூரா இடுப்பெலும்பு வலின்னு அழுகறாங்க. புற்று எலும்புக்கு பரவிருச்சா? (நாமக்கல்)

பதில்: வெசனப்படாதீங்க கண்ணு, வெள்ளையணு ஏறப் போடற ஃபில்கிராஸ்டிம் மாதிரி ஊசிக்கு இந்த வலி நெறையப் பேருக்கு வரும். எலும்பு மஜ்ஜை வெள்ளையணுவை வேகமா உண்டாக்கறதுல வர்ற வலி, பெரிய எலும்புலதான் தெரியும், ஊசி நின்னா நின்னுரும். டாக்டரைக் கேக்காம பாராசிட்டமால் குடுக்காதீங்க, காய்ச்சலை மறைச்சிரும், காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டுட்டா விடியறதுக்குக் காத்திருக்காம ராத்திரியே ஆஸ்பத்திரிதான். எடது பக்கம் விலாவுக்கு கீழயோ தோள்பட்டையிலயோ வலி வந்தாலும் அப்படியே, மண்ணீரலைப் பாக்கணும்.

கேள்வி: பிரசவம் முடிஞ்சு மீதி செகப்பு மாத்திரை நாலு அட்டை இருக்குது. ரெண்டு வயசுப் பையனுக்கு ரத்தம் ஊற பாதி பாதியா குடுக்கலாங்களா? (தாராபுரம்)

பதில்: வேண்டவே வேண்டாங்க. பொடுசுகளுக்கு அவங்களுக்குன்னு சொட்டு மருந்து தனியா இருக்குது, 1 மில்லியில 20 மில்லிகிராம், வாரம் ரெண்டு தடவை, அங்கன்வாடியில கேளுங்க. அதையும் நாக்குக்குப் பின்னாடி விட்டு வாயைக் கொப்புளிக்க வெய்ங்க, பல்லுல கறை புடிக்கும். உங்க மாத்திரை பிரசவம் முடிஞ்சு 180 நாள் நீங்க போட வேண்டியது, எதுக்கு மீதி?

அந்த நாலு அட்டையை அலமாரியில மேல் தட்டுல பூட்டி வெய்ங்க. செகப்பா மிட்டாய் மாதிரி இருக்குது, 12 கிலோ கொழந்தை நாலு முழுங்குனாலே வயித்தைப் பெரட்டும், பன்னெண்டு முழுங்குனா உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுத்து அப்பறம் சரியாயிட்ட மாதிரி விளையாடும், அதைப் பாத்து ஏமாந்துராதீங்க, அதுக்கப்பறம்தான் கவுத்தும். முறிவு மருந்து இருக்குது, நேரத்துக்குப் போனாத்தான் வேலைக்காகும். 108ஐக் கூப்பிட்டு, காலி அட்டையைக் கையோட எடுத்துக்கிட்டு, எத்தனை மாத்திரை காணோம்னு எண்ணிட்டுப் போங்க.