கிணற்றுக்குள் இருந்து பாடுவது போலக் கேட்கிறதே, என்ன செய்வது?

திருகோணமலை பாலையூற்றில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். 16 வயது மகள் பண்ணிசை படிக்கிறாள். கோணேசர் மீது சம்பந்தர் பாடிய பதிகத்தை வீட்டிலேயே பதிந்து யூடியூபில் போட ஆசை. சித்தப்பா ஹார்மோனியம் வாசிக்க, முன் ஹோலில் போனை மேசையில் வைத்துப் பதிந்திருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தால் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல இருக்கிறதாம். கடைக்காரர் ஒருவர் 48,000 ரூபாவுக்கு 'ஸ்டூடியோ செட்' தருகிறேன் என்கிறார். இன்னொரு தம்பி, செட் எல்லாம் தேவையில்லை, இதையே மிக்ஸ் பண்ணிச் சரியாக்கி எல்லாத் தளங்களிலும் ஏற்றித் தருகிறேன், பாட்டுக்கு 25,000 என்கிறார். தொடக்கத்தில் நாதஸ்வரமும் தவிலும் சேர்க்க வேண்டும் என்பது சித்தப்பாவின் யோசனை. 'யார் சொல்வதைக் கேட்பது ஐயா?' என்று முடித்திருக்கிறார்.

இப்போதைக்கு ஒருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம் தங்கச்சி. அந்த ஹோலின் நடுவில் நின்று ஒரு தரம் பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பிறகு 'டிர்ர்' என்று ஒரு சத்தம் சுவருக்குச் சுவர் ஓடுகிறதா? சீமெந்துத் தரை, பூசிய சுவர், மேலே ஷீட். நம் ஊர் வீடுகளில் முன் ஹோல் என்றால் அப்படித்தான். மகளின் குரல் வாயில் இருந்து நேராக ஒரு தரமும், சுவர்களில் பட்டுப் பல தரமும் போனுக்குப் போகிறது. நமது காது இரண்டையும் பிரித்துக்கொள்ளும், பக்கத்தில் இருந்து கேட்கும்போது உங்களுக்குக் குறை தெரியாது. மைக்குக்கு அந்தப் புத்தி இல்லை. கிணறு உங்கள் ஹோல்தான்.

இதில் இருந்து இரண்டு விஷயம் விளங்கும். ஒன்று, 48,000 ரூபா மைக்கைக் கொண்டுவந்து அதே மேசையில் வைத்தால் அதே கிணறு இன்னும் துல்லியமாகக் கேட்கும். மற்றது, பதிவோடு கலந்துவிட்ட எதிரொலியை மிக்சிங்கில் முழுதாக எடுக்க முடியாது. பாலில் கலந்த தண்ணீரை யார் பிரித்தது, அன்னப்பறவையைத் தவிர? அதற்கென்று மென்பொருள் இருக்கிறது என்று அந்தத் தம்பி சொல்வார். இருக்கிறது. கொஞ்சம் குறைக்கும், கூடவே குரலையும் தின்றுவிடும். 25,000 கொடுத்து அதைச் செய்விக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஹோலை விடுங்கள். படுக்கையறைக்குப் போங்கள். கட்டில், பஞ்சு மெத்தை, தலையணை, துணி அலுமாரி எல்லாம் அங்கேதானே இருக்கின்றன. அவை சத்தத்தைக் குடிக்கும். சேலைகள் தொங்கும் அலுமாரியின் கதவைத் திறந்து வையுங்கள், அதற்கு முதுகைக் காட்டி மகளை நிறுத்துங்கள். முகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பாட வேண்டாம், முதுகைத்தான் காட்ட வேண்டும். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பாட்டுக்குப் பாவிக்கும் மைக் பெரும்பாலும் முன்பக்கம் கேட்கும், பின்பக்கம் செவிடு. அதன் முன்பக்கத்தில் இருப்பது பாடுகிறவரும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரும். ஆகவே துணி வர வேண்டிய இடம் பாடுகிறவரின் முதுகுப்பக்கம். போன் மைக் எல்லாப் பக்கமும் கேட்கும், அதற்கு இரண்டு பக்கமும் தடித்த போர்வை தொங்கவிடுங்கள். கீழே பாயை விரித்து மேலே ஒரு போர்வை போட்டால் தரையும் அடங்கும்.

முட்டை மட்டையைச் சுவரில் ஒட்டச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம். மெல்லிய கடதாசி அது, மேல் சத்தத்தைக் கொஞ்சம் சிதறடிக்கும், குரலின் உடம்பை ஒன்றும் செய்யாது. தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும்.

அடுத்தது தூரம். போனுக்கும் வாய்க்கும் இடையில் ஒரு சாண், அவ்வளவுதான். மேசையில் நாலடி தள்ளி இருந்த போனை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால் நேர்க்குரல் பல மடங்கு உயரும், அறையின் எதிரொலி இருந்தபடியே இருக்கும். தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தரமும் நேர்ச்சத்தம் 6 டெசிபெல் விழுகிறது, மைக் வேலையில் பாதி இந்தக் கணக்குத்தான். வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள், 'ப'வும் 'பொ'வும் ஊதாது. போனின் மைக் பெரும்பாலும் அடியில், சார்ஜ் குத்தும் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். அதை மூடிப் பிடித்துக்கொண்டு 'மைக் சரியில்லை' என்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாட்ஸப் வொய்ஸில் பதிய வேண்டாம், சத்தத்தை நசுக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதியும் செயலி ஒன்றைப் போடுங்கள். போனை ஏரோப்ளேன் நிலையில் வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கும்தான், ஒரு பாட்டு ஐந்து நிமிடம், பிறகு போடலாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் யன்னல் கதவு படபடக்கும், பழைய துணியை மடித்து இடுக்கில் செருகுங்கள். விடியற்காலை அமைதி என்று நம்பி நாலு மணிக்கு எழும்ப வேண்டாம். காகம், கோயில் ஒலிபெருக்கி, பாங்கு, பாண்காரரின் ஓட்டோ, எல்லாம் வரிசையில் வரும். இரவு பத்துக்குப் பிறகுதான் நம் ஊர் வாய் மூடும்.

இவ்வளவுக்கும் ஒரு சதம் செலவில்லை. இதைச் செய்து பதிந்து கேட்ட பிறகும் மைக் வேண்டும் என்று தோன்றினால் அப்போது பேசலாம்.

அந்தச் 'செட்'டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படியான செட்டுகள் எனக்குத் தெரியும். மினுங்குகிற மைக், ஸ்பொஞ்ச் தொப்பி, மேசையில் பூட்டும் கை, கைதட்டலும் சிரிப்பும் போடப் பொத்தான் வைத்த ஒரு பெட்டி. திருப்பதிகத்துக்கு எதற்குக் கைதட்டல் பொத்தான்? கண்டென்சர் என்று எழுதியிருக்கும். கண்டென்சர் மைக் ஒழுங்காக வேலை செய்யப் பொதுவாக 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது வயர் வழியே மைக்குக்கு ஊட்டும் மின்சாரம், வேண்டும், செட்டோடு வரும் ஒல்லி வயரைக் கொம்பியூட்டரில் குத்தினால் அது கிடைக்காது. சத்தம் மெலிந்து 'உஸ்' என்று வரும். பிறகு அதே கடைக்காரர் பவர் பெட்டி ஒன்று தனியாக விற்பார். அடங்காத அறையில் கண்டென்சர் பக்கத்து வீட்டுக் குழாயடிச் சண்டையையும் பதியும். வீட்டுக்கு டைனமிக் மைக்கே போதும். கச்சேரி மேடைகளில் காணும், தலையில் கம்பிவலை உருண்டை வைத்த அந்த மைக்தான். அந்த வகையில் ஷூர் எஸ்எம்58 என்ற மைக் 1966 முதல் சந்தையில் இருக்கிறது, அதனாலேயே அதற்குப் போலியும் நிறைய. பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஃபாண்டம் பவர் உள்ள ஒரு சிறிய யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கொம்பியூட்டரோடு இணைக்கும் பெட்டி) இருந்தால் பின்னர் மைக் மாற்றினாலும் பாவிக்கலாம். பில் தராத கடையில் வாங்காதீர்கள்.

இதை எழுதும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஒரு மைக்கைக் கையில் பிடித்துப் பாடிப்பார்த்து வாங்க, திருகோணமலையில் இருந்து 260 கிலோமீற்றர் போய்க் கொழும்புப் புறக்கோட்டையில் நிற்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருந்து எடுப்பித்தால் சுங்கத்தில் வரி, வரிக்கு மேல் வரி. மண்டபம் கட்டுகிறார்கள், உள்ளே நின்று கதைத்தால் நம் சத்தமே மூன்று தரம் திரும்பி வருகிறது. பொன்னாடை போர்த்தக் காசு இருக்கிறது, பாடசாலை இசை அறைக்கு ஒரு திரைச்சீலை போடக் காசு இல்லை. சரி, விடுவோம்.

கொம்பியூட்டரோடு இணைத்துப் பதியும்போது 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வரலாம். நம் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அந்த 50தான் காதில் விழுகிறது. லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் பதியுங்கள். நின்றுவிட்டால் சார்ஜரிலோ வீட்டு எர்த்திலோ பிரச்சினை இருக்கலாம், ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். எர்த் பின்னை உடைத்தால் சத்தம் நிற்கும் என்று சொல்லித்தருகிற கெட்டிக்காரர்கள் உண்டு. அவர்களை வாசலோடு அனுப்புங்கள். மைக்கில் உதடு வைத்துப் பாடப்போவது உங்கள் பிள்ளை, கரண்ட் அடித்தால் அவளுக்குத்தான்.

ஹார்மோனியத்தையும் குரலையும் ஒன்றாகப் பதிந்தால் பிறகு கூட்டவும் குறைக்கவும் முடியாது. முதலில் சித்தப்பா தனியே வாசிக்கட்டும். மகள் அதை வயர் போட்ட இயர்போனில் கேட்டுக்கொண்டு பாடட்டும். புளூடூத் வேண்டாம், சத்தம் பிந்தி வரும், தாளம் நொண்டும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் விலக்காக நிற்பது நாதஸ்வரமும் தவிலும். அங்கே மட்டும் சொன்னதை எல்லாம் மறந்துவிடுங்கள். கிட்ட வை, துணி தொங்கவிடு, சின்ன அறை என்ற மூன்றும் நாதஸ்வரத்துக்கு நஞ்சு. படுக்கையறையில் அதை ஊதினால் போன் மைக் தாங்காது, கரகரத்துப் போகும். கரகரத்ததைத் திருத்தவும் முடியாது. சத்தம் மட்டும் காரணமில்லை. நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு, கீழே இன்னும் ஐந்து. எந்தத் துளை திறந்திருக்கிறதோ, சத்தம் பெரும்பாலும் அங்கே இருந்துதான் புறப்படுகிறது. அணைசின் (கீழே விரிந்திருக்கும் பகுதி) வாயில் மைக்கைக் கொண்டுபோய் நட்டால் சில சுரங்கள் காதைப் பிளக்கும், சில சுரங்கள் ஒளிந்துகொள்ளும். ஆறேழு அடி தள்ளி நின்றால்தான் எல்லாச் சுரமும் ஒன்றாகச் சேர்ந்து வரும். தவிலும் அப்படியே. வலந்தலையில் விரற்கூடு, தொப்பியில் கழி, இரண்டு பக்கமும் இரண்டு வேறு வாத்தியம். ஒரு பக்கம் மைக்கை வைத்தால் மற்றப் பக்கம் செத்துவிடும். நேர் முன்னால், தள்ளி வைக்க வேண்டும். இவை கோயில் வீதிக்காகவும் வெளிமண்டபத்துக்காகவும் உண்டான வாத்தியங்கள். அவற்றுக்கு இடம் வேண்டும், கொஞ்சம் எதிரொலியும் வேண்டும். ஆகவே அந்தப் பகுதியைக் கோயில் மண்டபத்திலோ வீட்டு முற்றத்திலோ, கூட்டமில்லாத நேரத்தில் தனியாகப் பதியுங்கள். போனின் அளவுக்கோடு சிவப்பைத் தொடாத தூரத்தில் வையுங்கள், பத்தடி என்றாலும் பரவாயில்லை. முக்கியமாக ஒன்று: வித்துவான் தன் வாத்தியத்தின் சுருதியில்தான் ஊதுவார், மகளின் சுருதிக்கு அது இறங்கி வராது. முதலில் அவரிடம் சுருதியைக் கேட்டு, மகளுக்கு ஒத்துவருமா என்று பாடிப்பாருங்கள். ஒத்துவராவிட்டால் நாதஸ்வரம் முடிந்து ஒரு மூச்சு இடைவெளி விட்டுச் சுருதிப் பெட்டியோடு பதிகம் தொடங்கட்டும். இரண்டையும் மென்பொருளில் இழுத்து ஒட்டப் போகாதீர்கள், நாதஸ்வரம் நாய்க்குட்டி மாதிரி அழும்.

மிக்சிங் என்பது பெரிய மந்திரம் இல்லை. ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் சும்மா பாவிக்கலாம், பிறகு தனியாட்களுக்கான விலை 60 டொலர். பழைய லப்டொப்பிலும் ஓடும். களவு மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுவருகிறவரிடம் வாங்கினால் வைரஸும் இலவசம். பதியும்போது அளவுமானி -12 டெசிபெலுக்கும் -6 டெசிபெலுக்கும் இடையில் ஆடட்டும். பிறகு மகளின் குரலில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள், அங்கே குரல் இல்லை, லொறிச் சத்தம்தான் இருக்கிறது. ஹார்மோனியத்தைக் குரலுக்குக் கீழே இறக்குங்கள். எதிரொலியைக் கடைசியில் ஒரு சிட்டிகை போடுங்கள். வைத்துவிட்டு, மறுநாள் காலை மெல்லிய சத்தத்தில், போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். உங்கள் பாட்டைக் கேட்கப்போகிறவர்களில் பலர் அதில்தான் கேட்பார்கள்.

சுருதியைத் தானே திருத்தும் ஓட்டோட்யூன் மென்பொருளைக் கிட்டவும் சேர்க்காதீர்கள். அது ஒவ்வொரு சுரத்தையும் ஹார்மோனியத்தில் பக்கத்தில் உள்ள கட்டைக்குத் தள்ளும். கமகம் என்பதே இரண்டு கட்டைக்கு இடையில் ஆடுவது. பிள்ளை ஆண்டுக்கணக்காகப் படித்ததை ஒரு பொத்தான் நேராக்கிவிடும்.

கடைசியாக அந்த 25,000 ரூபாத் தம்பி. பாட்டை 'பெரிய சத்தமாக மாஸ்டர் பண்ணித் தருகிறேன்' என்பார். ஸ்பொட்டிஃபை -14 லஃப்ஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குத் தானே இறக்கிவிடும், யூடியூபும் மிஞ்சிய சத்தத்தைக் குறைக்கும். கத்தின பாட்டு நசுங்கினதுதான் மிச்சம். 'கொப்பிரைட் பதிந்து தருகிறேன்' என்பார். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவுடனேயே பதிப்புரிமை உண்டாகிறது, எங்கும் பதியத் தேவையில்லை. இவர்களில் சிலர் உங்கள் பாட்டைத் தங்கள் பெயரில் யூடியூபின் உரிமைத் தேடலில் (கொன்டென்ட் ஐடி) சேர்த்துவிடுவார்கள். பிறகு உங்கள் பிள்ளை பாடியதை உங்கள் பிள்ளையே போட்டால் உரிமைக் கோரல் வந்து நிற்கும். சம்பந்தரின் பதிகத்துக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம், ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேலாகிறது. இன்னொருவர் வாசித்த கரோக்கியை எடுத்துப் போட்டால்தான் வில்லங்கம். உங்களுக்கு ஹார்மோனியத்துக்கு ஆள் வீட்டிலேயே இருக்கிறார். சனலை மகளின் பெயரில் நீங்களே திறந்து நீங்களே ஏற்றுங்கள், கடவுச்சொல்லை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள்.

படுக்கையறையில் பதிந்த முதற்பதிவை எனக்கு அனுப்ப விரும்பினால் அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன். வாட்ஸப்பில் என்றால் ஓடியோவாக இல்லாமல் டொக்கியுமென்டாக இணையுங்கள், இல்லாவிட்டால் அது நசுக்கித்தான் தரும். பாட்டு தொடங்க முன்பு பத்து விநாடி ஒருவரும் மூச்சுவிடாமல் இருந்து அந்த அறையின் வெறுஞ்சத்தத்தையும் பதிந்து அனுப்புங்கள்.