கேள்வி பதில்: மாஃபியாவைக் கூண்டில் ஏற்றிய கதை

கேள்வி: நண்பர் ஒருவர் 'லா பியோவ்ரா' என்ற இத்தாலியத் தொடரின் டிவிடி தொகுப்பைக் கொடுத்தார். பத்து சீசன் இருக்கிறதாமே, எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முதல் நான்கைக் கண்டிப்பாகப் பாருங்கள். அதுவும் வரிசை மாறாமல். 1984-ல் ராய் என்ற இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியில் தொடங்கியது. முதல் சீசனை இயக்கியவர் தாமியானோ தாமியானி. மாஃபியாவின் தாயகமான சிசிலித் தீவுக்கு மாற்றலாகி வரும் கொராடோ கத்தானி என்ற போலீஸ் அதிகாரியாக மிக்கேலே பிளாசிடோ நடித்திருக்கிறார். அவனை மடக்க மாஃபியாக்காரர்கள் மகளைக் கடத்துகிறார்கள், அவளை மீட்க அவன் விசாரணையையே கைவிடுகிறான். ஹீரோ தோற்றுப்போவதில் தொடங்குகிற போலீஸ் கதை என்பதால்தான் எனக்கு இது இவ்வளவு பிடிக்கும். மூன்றாவது சீசனில் கதை வங்கிகளுக்குள் போய்விடும், அங்கே டானோ கரிதி என்று ஒரு ஆள் வருவான், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கணக்குப் பார்க்கிற அவனைக் கண்டால்தான் துப்பாக்கிக்காரர்களைவிட பயமாக இருக்கும். இரண்டாவது சீசனிலிருந்து இசை என்னியோ மோரிக்கோனே, ஒலியைக் குறைக்காமல் கேளுங்கள்.

கேள்வி: நான்காவது சீசன் முடிவில் கத்தானியைக் கொன்றுவிட்டார்களே, இது அநியாயம் இல்லையா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஊரில் நிஜமாக நடந்ததோடு வைத்துப் பார்த்தால் அதில் மிகை எதுவும் இல்லை. சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் மாஃபியாவைத் துரத்திய நின்னி கசாரா என்ற போலீஸ் அதிகாரி, 1985 ஆகஸ்டில், வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கியபோது சுட்டுக் கொல்லப்பட்டார், மனைவி மேலே பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது சீசன் வந்தது 1989-ல். கத்தானி உயிரோடு ஜெயித்துவிட்டுப் போயிருந்தால்தான் பொய்யாக இருந்திருக்கும்.

கேள்வி: தொடரில் நீதிபதிகளே விசாரிக்கிறார்கள். நிஜத்தில் இத்தனை பேரை எப்படித் தண்டிக்க முடிந்தது? சாட்சி சொல்லத்தான் யாரும் வர மாட்டார்களே?
– சட்டக் கல்லூரி மாணவர், சேலம்

பதில்: நல்ல கேள்வி. இத்தாலியில் அப்போது விசாரணை நீதிபதி என்றே ஒரு பதவி உண்டு, ஆதாரம் திரட்டுவதே அவர் வேலை. முதலில் சட்டம் மாறியது. 1982 வரை மாஃபியாவில் உறுப்பினராக இருப்பது என்று தனிக் குற்றமே கிடையாது, ஒவ்வொரு கொலையையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும், சாட்சி பயந்து பின்வாங்கினால் ஆள் வெளியே வந்துவிடுவான். பியோ லா தோர்ரே என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இதை மாற்றவும் மாஃபியாச் சொத்தைப் பறிமுதல் செய்யவும் மசோதா கொண்டுவந்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் அவரைக் கொன்றார்கள், செப்டம்பரில், மாஃபியாவை ஒடுக்க அரசு பலெர்மோவுக்கு அனுப்பிய ஜெனரல் தல்லா கியேசாவைக் கொன்றார்கள், அதன் பிறகுதான், அதே மாதத்தில், சட்டம் நிறைவேறியது. இரண்டு உயிர் போன பிறகு வந்த சட்டம் என்று நினைக்கும்போது இன்னும் கோபம் வருகிறது.

அப்புறம் பலெர்மோவின் விசாரணை நீதிபதி ஜியோவானி ஃபால்கோனே. அவர் பணத்தைத் துரத்தினார். ஹெராயின் விற்ற டாலர் எங்கே இத்தாலியப் பணமான லீராவாக மாறியது என்று பார்க்க, பலெர்மோ வங்கிகளிடம் அந்நியச் செலாவணிச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். மனுஷன் பயந்து வாக்குமூலத்தை மாற்றலாம், காசோலை மாற்றாது. 1984-ல் தொம்மாசோ புஷெத்தா என்ற மாஃபியாக்காரர் பேச ஆரம்பித்ததும், வாக்குமூலத்தை ஃபால்கோனே தன் கையாலேயே எழுதினார். கசாரா கொலைக்குப் பிறகு ஃபால்கோனேயையும் சக விசாரணை நீதிபதி போர்செல்லினோவையும் குடும்பத்தோடு அசினாரா என்ற சிறைத் தீவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே உட்கார்ந்து வழக்கை எழுதினார்கள், பிறகு அரசு தங்கிய செலவுக்குப் பணமும் கேட்டது!

1986 பிப்ரவரியில் பலெர்மோ சிறையை ஒட்டி இதற்கென்றே கட்டிய மண்டபத்தில் வழக்கு தொடங்கியது. சுவரோரமாகக் கம்பிக் கூண்டுகள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் 475 பேர். 1987 டிசம்பரில் 300க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை, அதில் 19 பேருக்கு ஆயுள். 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு மே மாதம் ஃபால்கோனேயையும் ஜூலையில் போர்செல்லினோவையும் குண்டு வைத்துக் கொன்றார்கள்.

கேள்வி: பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். கடத்தப்பட்ட சிறுமிக்கு நேர்வது கொடுமையானது. நீங்கள் தனியாகப் பாருங்கள், ஆங்கில சப்டைட்டில் உள்ள தொகுப்பா என்று பார்த்து வாங்குங்கள், இத்தாலியில் விற்கிற எல்லாவற்றிலும் அது இருக்காது.