நயாகராவும் தேனிலவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டொராண்டோவில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், கல்யாணம் முடிந்த கையோடு நவம்பர் நடுவில் நயாகராவுக்குத் தேனிலவு போகிறான். நெப்போலியனின் தம்பி புது மனைவியோடு நியூ ஆர்லியன்ஸிலிருந்து குதிரை வண்டியில் வந்து தொடங்கிவைத்த வழக்கம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓடுகிறது. உண்மையா? ராத்திரி ஆனால் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார்.

வாசகி, கும்பகோணம்

அன்புள்ள அம்மா,

நெப்போலியனின் தம்பி ஜெரோம் வந்தது நிஜம். ஆனால் கல்யாணம் நடந்தது பால்டிமோரில், 1803 டிசம்பர் 24 அன்று. மறு ஆண்டு, 1804-இல்தான் மனைவி எலிசபெத் பேட்டர்சனோடு அருவிக்குப் போனார். அவருக்கும் முன்பே, 1801-இல், அமெரிக்கத் துணை அதிபர் ஆரன் பர்ரின் மகள் தியோடோசியா புதுக் கணவரோடு போய்வந்துவிட்டார். ஜெரோமின் கல்யாணத்தை நெப்போலியன் ஏற்கவே இல்லை, பிரித்து வேறு இடத்தில் முடித்துவைத்தார். தேனிலவுக்கு ராசியான முன்னுதாரணம் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு பெரிய இடத்து ஜோடிகள் வந்துபோவதால் வழக்கம் உண்டாகிவிடாது. வழக்கத்தை உண்டாக்கியது கால்வாய். 1825-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியிலிருந்து, அருவிக்குப் பக்கத்து ஊரான பஃபலோ வரை 363 மைலுக்கு ஈரி கால்வாய் திறந்தது. மேடுபள்ளத்தில் குலுங்கிக்கொண்டு இரண்டு வாரம் போன வண்டிப் பயணம், குதிரை இழுக்கும் படகில் ஐந்து நாளாகச் சுருங்கியது. 1836-இல் பஃபலோவிலிருந்து அருவிவரை ரயிலும் வந்தது. அன்றைய வசதிக்காரர்களிடம் ‘மணப்பெண் பயணம்’ என்றொரு வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு வர முடியாத உறவினர் வீடுகளுக்குப் புதுத் தம்பதி போய்வருவது. சில சமயம் சொந்தக்காரர்களும் கூடவே கிளம்புவார்கள். நம் ஊர் மறுவீட்டு விருந்துக்கு ரயில் டிக்கெட் எடுத்த மாதிரி. அந்தச் சுற்றின் கடைசி நிறுத்தமாக அருவி சேர்ந்தது. பிறகு உறவினர்கள் கழன்றுகொண்டார்கள், அருவி மட்டும் நிலைத்துவிட்டது.

கூட்டம் வந்ததும் பிடுங்கலும் வந்தது. அமெரிக்கக் கரை முழுக்கத் தனியார் கையில்; வேலி போட்டு, எட்டிப் பார்க்கவும் காசு வாங்கினார்கள். வாடகை வண்டிக்காரர்களின் பெயர் அதைவிடக் கெட்டிருந்தது. புது மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசும் மாப்பிள்ளை எந்த ஊரிலும் அபூர்வம்தானே. நியூயார்க் மாநிலம் அந்த நிலத்தை வாங்கி, 1885 ஜூலை 15 முதல் யார் வேண்டுமானாலும் சும்மா பார்க்கலாம் என்று திறந்துவிட்டது.

இரு கரையையும் இணைத்த இரும்பு வளைவுப் பாலத்துக்கே ‘ஹனிமூன் பாலம்’ என்று பெயர் விழுந்தது. அது போன கதையைச் சொல்ல வேண்டும். பாலத்தின் கால்கள் ஆற்று மட்டத்துக்கு மிக அருகில் ஊன்றியிருந்தன. 1938 ஜனவரியில் அடித்த புயல்காற்று ஈரி ஏரியின் பனிக்கட்டிகளை மொத்தமாக அருவிக்குக் கீழே தள்ளிவிட்டது. பனி மலைபோல் குவிந்து, வளைவு கரையில் உட்காரும் இடத்தையே நெருக்கி முறுக்கியது. 27-ஆம் தேதி பாலம் அப்படியே பனிமேல் படுத்தது. முன்பே மூடியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. இரும்புக்கூடு ஏப்ரல் வரை பனிமேல் கிடந்து, பனி இளகியதும் ஆற்றில் மூழ்கியது. 1941-இல் திறந்த ரெயின்போ பாலத்தின் கால்களைக் கரையில் உயரத் தூக்கி வைத்தது இதனால்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார், மோட்டல், நடுத்தர வர்க்கக் கூட்டம். விமானம் மலிந்ததும் அதில் ஒரு பகுதி ஹவாய்க்குப் பறந்துவிட்டது. வழி மாறினால் தேனிலவும் மாறும்.

தண்ணீர் விஷயம் உண்மை. மின்சாரத்துக்காக ஆற்றை மேலேயே திருப்புகிறார்கள். அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட 1950 ஒப்பந்தப்படி ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 8 முதல் இரவு 10 வரையிலும், பிறகு அக்டோபர் 31 வரை காலை 8 முதல் இரவு 8 வரையிலும் நொடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி அருவியில் விழ வேண்டும். மற்ற நேரத்துக்கு 50,000 கன அடி போதும். மேட்டூர் நீர்வரத்துச் செய்தி படித்துப் பழகிய உங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆக நவம்பரில் பகலிலும் பாதி அளவுதான் உறுதி. அதுவும் கண்ணுக்குக் குறையாகத் தெரியாது.

பையனிடம் மூன்று சொல்லுங்கள். படகுச் சவாரி பனிக்காலத்தில் கிடையாது, கடைசித் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும். அருவிகள் நேருக்கு நேர் தெரிவது கனடா கரையிலிருந்து. இரவு வண்ண விளக்கும் அங்கிருந்துதான். ரெயின்போ பாலத்தைக் கடந்து அமெரிக்கக் கரைக்குப் போக இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி அமெரிக்க விசா வேண்டும். மருமகளுக்கும் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.