வார்ஹேமர் 40,000 உலகில் குள்ளர்கள் யார்? அவர்கள் வரலாறு என்ன?

வார்ஹேமர் 40,000 என்பது தொலைதூர எதிர்காலத்து விண்வெளிப் போர்களைச் சிறு பொம்மைகளை வைத்து மேசைமேல் ஆடும் விளையாட்டு. 1987-இல் அது வெளிவந்தபோதே 'ஸ்குவாட்' என்ற பெயரில் குள்ளர்கள் இருந்தார்கள். 90-களில் கைவிடப்பட்டார்கள்; டைரனிட் என்ற வேற்றுக்கிரகக் கூட்டம் அவர்களைத் தின்றுவிட்டதாகக் கதையும் வந்தது. 2022-இல் 'லீக்ஸ் ஆஃப் வோட்டான்' என்று திரும்பினார்கள்.

இந்தப் புது வடிவம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பால்வீதியின் மையப்பகுதியில் சுரங்கம் தோண்டி வாழும் இவர்கள் தாய் வயிற்றில் பிறப்பதில்லை, குளோனிங்கில் உருவாகிறவர்கள். இவர்களுடைய முன்னோர் வழிபாடு அருமையான கற்பனை. வோட்டான் என்பவை பழங்காலச் செயற்கை அறிவுக் கணினிகள். இறந்தவரின் நினைவுகள் அவற்றில் சேர்க்கப்படுகின்றன. யுகக்கணக்கில் சேர்ந்த அந்தச் சுமையால் அவை இப்போது பதில் சொல்லவே திணறுகின்றன. அப்புறம், அயர்ன்கின் எனப்படும் சிந்திக்கும் எந்திரங்களைச் சொந்த உறவாகவே நடத்துகிறார்கள். செயற்கை அறிவைப் பெரும்பாவமாகக் கருதும் மனிதப் பேரரசில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.