கழுத்துக் கறுப்பும் காலையின் முதல் சிறுநீரும்

குண்டுப் பிள்ளைகளின் பிரஷர், சிறுநீரகம் பற்றிய கேள்விகளுக்கு டாக்டரின் பதில்கள்

மகனுக்கு 11 வயது, 62 கிலோ. கழுத்தைச் சுற்றிக் கறுப்பு. பயத்தமாவு தேய்த்தும் போகவில்லையே? (தேவகோட்டை வாசகி)

போகாதும்மா, அது அழுக்கில்லை. தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையின் தோலைப் புண்ணாக்க வேண்டாம். எடை கூடி, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சொன்னதை உடம்பு கேட்காதபோது அது கூடுதலாகச் சுரக்கும். அதனால் கழுத்தும் அக்குளும் தடித்து, வெல்வெட் துணி மாதிரி கறுக்கும். அதே இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பையும் பிடித்து வைக்கும், ரத்த அழுத்தம் ஏறும். தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். உயரத்தில் பாதியைத் தாண்டினால், அதாவது 140 செ.மீ. பையனுக்கு 70-க்கு மேல் போனால், சர்க்கரை, கொழுப்பு, ஈரல், பிரஷர் நான்கையும் பார்த்துவிடுங்கள்.

9 வயது மகளுக்கு ஓரிடத்தில் பிரஷர் 132, மறுநாள் வேறிடத்தில் 112. எதை நம்புவது? (காரைக்குடி)

கையில் எந்தப் பட்டையைக் கட்டினார்கள் என்று முதலில் கேளுங்கள். குண்டுக் கையில் சிறுவர் பட்டையைச் சுற்றினால் 'சர்ர்' என்று பிரிந்து கொள்ளும். அழுத்திப் பிடித்துக்கொண்டு காற்றடிப்பார்கள். என் அறையிலேயே ஒருமுறை அப்படி நடந்தது. சிறிய பட்டை பிரஷரைக் கூட்டித்தான் காட்டும். உள்ளிருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். எட்டாவிட்டால், சின்னப் பிள்ளை ஆனாலும் பெரியவர் பட்டைதான்.

அதற்காக 112 என்றதும் நிம்மதியடைய வேண்டாம். 120 வரை நல்லது என்பது பெரியவர் கணக்கு. 13 வயதுக்குக் கீழே வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்து அட்டவணையில் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, மூன்று வெவ்வேறு நாள் எடுங்கள். மூன்று முறையும் உயர்வாகவே இருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்போம். இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கத் தொடங்கியிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். பிள்ளைக்கு நெஞ்சுவலியோ படபடப்போ இருக்காது, ஓடி விளையாடிக்கொண்டுதான் இருக்கும்.

கிரியேட்டினின் நார்மல். சிறுநீரகம் பத்திரம்தானே?

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டும் கழிவு. அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பருமனான உடம்புக்கு ஈடுகொடுக்க, சிறுநீரகம் ஆரம்பத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவே வடிகட்டும்; ரிப்போர்ட் அழகாக இருக்கும். முதலில் கசிவது அல்புமின் புரதம். முகமோ காலோ வீங்கட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள், 30-க்குள் (மி.கி./கிராம்) இருக்க வேண்டும். கூடியிருந்தால் பதறாமல் திரும்ப எடுங்கள். காய்ச்சல், முந்தின நாள் ஆடிய கபடி, மாதவிடாய் இவையும் கூட்டிக் காட்டும்.

பேரனுக்குத் தேன்குழல் கொடுக்கவே கூடாதா? (கானாடுகாத்தான் அப்பத்தா)

விசேஷத்துக்குக் கொடுங்கள் ஆச்சி, டின்னை மட்டும் அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள். எனக்கு அதைவிடப் பயம் தினமும் தட்டில் விழும் அப்பளம், வத்தல், ஊறுகாய் உப்பில்தான்.

பிறக்கும்போது 2 கிலோ. இப்போது குண்டு. சம்பந்தம் உண்டா?

உண்டு. எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குச் சிறுநீரக வடிகட்டிகள் எண்ணிக்கையிலேயே குறைவாக இருக்கலாம். பிறந்தபின் புதிதாக வளராது. டாக்டரிடம் போகும்போது பிறந்த எடை எழுதிய அட்டையையும் எடுத்துப் போங்கள்.