கோள்களைப் பார்க்க ஏற்காடு போக வேண்டுமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் குடியிருக்கிறோம். ராத்திரி மாடியில் நிற்கும்போது, பளிச்சென்று தெரிகிற புள்ளியைக் காட்டி அது நட்சத்திரமா, கோளா என்று மகன் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெறுங்கண்ணால் எந்தெந்தக் கோள்களைப் பார்க்க முடியும்? ஊர் வெளிச்சத்தில் தெரியுமா, ஏற்காடு போனால்தான் தெரியுமா? தொலைநோக்கி வாங்க வேண்டுமா?

பதில்: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். புதனைத் தவிர மற்ற நான்கையும் உங்கள் மாடியிலிருந்தே பார்த்துவிடலாம். மலையின் இருட்டு பால்வீதியைப் பார்க்கத்தான் தேவை. வெள்ளியும் வியாழனும் இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியசையே மிஞ்சுபவை. தெருவிளக்கு வெளிச்சம் அவற்றை ஒன்றும் செய்யாது.

முதலில் எங்கே தேடக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். பகலில் சூரியன் போகும் தடத்தை ஒட்டித்தான் கோள்களும் போகும். சேலம் சுமார் 11.6 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் அந்தத் தடம் நம் தலைக்கு மேலாகவோ, அதற்குச் சற்று வடக்காகவோ, தெற்காகவோ செல்கிறது. நேர்தெற்கில் தாழ்வாக ஒரு பெரிய ஒளிப்புள்ளி தெரிந்தால் அது கோள் அல்ல. தை, மாசி இரவுகளில் அங்கே மின்னுவது அகத்தியர் நட்சத்திரம். வடக்கே சேர்வராயன் மலை முகட்டுக்கு மேல் தெரிவதும் கோளாக இருக்காது.

நட்சத்திரம் மினுக்கும், கோள் நிலையாக ஒளிரும் என்பது உண்மைதான். ஆனால் அடிவானத்துக்கு அருகில் காற்று அடர்த்தி என்பதால் கோளும் துடிக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரம் வந்த பிறகு பார்த்து முடிவுசெய்யுங்கள்.

இன்று எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்பதற்கு வீட்டிலிருக்கும் பஞ்சாங்கமே போதும். பலன் பகுதியை விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது கிரக நிலை மட்டும். தமிழ் மாதம் சூரியன் இருக்கும் ராசியைச் சொல்லிவிடுகிறது: சித்திரையில் மேஷம், வைகாசியில் ரிஷபம், இப்படியே. சூரியன் இருக்கும் ராசியிலேயே ஒரு கோள் இருந்தால் அது பெரும்பாலும் கண்ணில் படாது. அந்த ராசியை ஒன்றாக வைத்து எண்ணுங்கள். ஏழாவது ராசியில் இருக்கும் கோள், சூரியன் மறையும் நேரத்தை ஒட்டிக் கிழக்கே உதித்து இரவு முழுக்கத் தெரியும். அதற்கு முந்தைய ராசிகளில் இருந்தால் மாலை வானில் பார்க்கலாம். எட்டு முதல் பன்னிரண்டு வரை என்றால் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் நன்றாகத் தெரியும். சனி மீனத்தில் இருக்கும் ஆண்டுகளில் புரட்டாசி முழுக்க அது இரவெல்லாம் தெரியும். புரட்டாசி மழைமேகம் மறைத்தால் கவலை வேண்டாம், மார்கழியில் இருட்டும்போதே உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும்.

வியாழன், சனி, செவ்வாய்க்கு 'வக்ரம்' (பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றுவது) என்று போட்டிருக்கும் காலத்தைத் தவறவிடாதீர்கள். அந்தச் சமயத்தில்தான் அவை பூமிக்கு அருகில் வந்து மிகப் பிரகாசமாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: பஞ்சாங்கத்தில் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு கணக்கு முறைகள் உண்டு. திருக்கணிதப் பஞ்சாங்கத்தையே பாருங்கள், வானத்தில் காண்பதோடு ஒத்துப்போவது அதுதான். சனி மீனத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. கிட்டத்தட்ட ஓர் ஆண்டு வித்தியாசம்!

ராசியை வானத்தில் அடையாளம் காணத் தெரியாதே என்கிறீர்களா? நிலா காட்டிக்கொடுக்கும். அது ஒரு ராசியில் சுமார் இரண்டேகால் நாள் தங்கி, மாதம் ஒருமுறை எல்லாக் கோள்களையும் கடந்துபோகும். தினசரி காலண்டரில் போட்டிருக்கும் நட்சத்திரம் அன்று நிலா இருக்கும் இடம். சனி எந்த நட்சத்திரத்தில் இருக்கிறது என்று பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்துக்கொண்டு, காலண்டரில் அதே நட்சத்திரம் வரும் இரவில் மகனை மாடிக்கு அழைத்துப் போங்கள். நிலாவுக்குப் பக்கத்தில் மினுக்காமல் வெளிர்மஞ்சளாகத் தெரிவதுதான் சனி. இதைவிட நம்பகமான வழியை நான் அறியேன்.

செவ்வாயில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேட்டை, ரோகிணி இரண்டும் செந்நிற நட்சத்திரங்கள். இரண்டுமே கோள்களின் தடத்தை ஒட்டியவை. சில வாரம் தொடர்ந்து கவனித்தால் செவ்வாய் பக்கத்து நட்சத்திரங்களை விட்டு நகர்ந்திருக்கும், மற்றவை அங்கேயே இருக்கும். வெள்ளியைத் தேடவே வேண்டாம். சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாததால் மாலையில் மேற்கே அல்லது விடியலில் கிழக்கே கண்ணைப் பறிக்கும்.

இனி புதன். இதற்கு மட்டும் ஏற்காடு பயன்படும், இருட்டுக்காக அல்ல, அடிவானத்துக்காக. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. மாலையில் சூரியன் மறைந்து அரைமணி முதல் முக்கால் மணிவரைதான் கிடைக்கும். சேலத்துக்குள் மேற்கே கட்டடங்களும் கஞ்சமலையும் குறுக்கே நிற்கும். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்னும் காட்சிமுனைப் பக்கம் போனால் சமவெளிக்கு மேல் வானம் கீழ்வரை திறந்திருக்கும். ஆண்டில் மூன்று முறையாவது புதன் மாலை வானுக்கு வரும். சூரியன் முழுதாக மறைந்த பிறகே தேடுங்கள்; அதற்கு முன் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது.

தொலைநோக்கி இப்போது வேண்டாம். கோள்களை அவனே சுட்டிக்காட்டப் பழகிய பிறகு 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெருக்கும், முன்வில்லை 50 மி.மீ. அகலம்) ஒன்று வாங்கிக் கொடுங்கள். கை நடுங்காமல் சுவரில் சாய்த்துப் பிடித்தால் 1610-இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலாக்களையும் பார்க்கலாம். சனியின் வளையம் அதில் தெரியாது. அதற்கு 30 மடங்காவது பெருக்கும் சிறு தொலைநோக்கி வேண்டும்.