வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதால் மாணவர்களின் கற்றல் உண்மையில் மேம்படுகிறதா?

பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். மேம்படுகிறது, ஆனால், கருவியை வாங்கி வைத்துவிட்டதால் மட்டும் அது நடந்துவிடாது. பாடத்தின் எந்த இடத்தில், எந்த ஐயத்தைத் தீர்க்க அதைக் கொண்டுவருகிறோம் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது.

மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டத்தில் ஒரு பகுதியை விளக்கு விழுங்கிவிடுகிறது என்று மாணவர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அது தவறு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால், தேர்வுக்காக மனப்பாடம் செய்துகொள்வார்களே தவிர, அந்த நம்பிக்கையைக் கைவிட மாட்டார்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தின் இணையதளத்தில், மின்சுற்றை அமைத்துப் பார்க்கும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் விளக்குக்கு முன்னும் பின்னும், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் ஒவ்வொன்றை இணைத்துவிட்டு, சுவிட்சைப் போடுவதற்கு முன், எது அதிகம் காட்டும் என்பதைக் காரணத்தோடு நோட்டில் எழுதச் சொல்வேன். இரண்டும் ஒரே அளவைக் காட்டியதும் எழும் வாக்குவாதம்தான் அன்றைய பாடம். முன்கூட்டியே எழுத வைக்காவிட்டால், அதே செயலி வெறும் வேடிக்கையாகிவிடும். (ஆய்வகத்தில் நல்ல அம்மீட்டர்கள் இருந்தால், அவற்றிலும் செய்து பார்ப்பதே என் விருப்பம்.)

ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே காட்டுகின்றன. ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தின்கீழ் பெரு நாடு லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பள்ளிகளுக்கு வழங்கியது. 2012-இல் வெளிவந்த மதிப்பீட்டு ஆய்வில், கணிதத்திலோ மொழியிலோ மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாக, ஒவ்வொரு மாணவரின் நிலையையும் அறிந்து அதற்கேற்பக் கணக்குகளைத் தரும் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளை, பள்ளி நேரத்துக்குப் பின் பயிற்றுநர் துணையோடு தில்லியில் பயன்படுத்தியபோது, கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்ததாக 2019-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

கடவுச்சொல் மறந்துபோவதும் இணையம் நின்றுபோவதும் எரிச்சலூட்டினாலும் சமாளிக்கக்கூடியவையே. கவனச்சிதறல் அப்படியன்று. வகுப்பு நேரத்தில் மடிக்கணினியில் வேறு வேலை பார்ப்பவர் மட்டுமல்லாமல், அந்தத் திரை கண்ணில் படும்படி அமர்ந்திருப்பவரும் தேர்வில் குறைவான மதிப்பெண் பெறுவதைக் கனடாவில் 2013-இல் நடந்த ஒரு சோதனை காட்டியது. ஆகவே, தேவைப்படும் சில நிமிடங்கள் தவிர, என் வகுப்பில் திரைகள் மூடியே இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. விடை சரியாக இருக்கிறது, ஆனால் அதை எழுதிய மாணவனுக்கு அதன் இரண்டாம் வரியைக்கூட விளக்கத் தெரியவில்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் நேர்மையாக எழுதியவர்களையும் குற்றவாளியாக்கிவிடுவதால், நான் அவற்றை நம்புவதில்லை. விளக்கம் எழுதும் பயிற்சிகளை வீட்டுப்பாடமாகத் தராமல் வகுப்பிலேயே எழுதச் சொல்கிறேன். வீட்டில் செய்து வருவதை வாய்மொழியாகக் கேட்ட பிறகே மதிப்பெண் போடுகிறேன்.